சொந்தக்காரர் வந்து மாசக்கணக்கில நிக்கப்போகினமா? கொழும்பு ஃபிளாட்டுக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

2020 மார்ச்சில சித்தப்பா யாழ்ப்பாணத்தில இருந்து நைட் பஸ்ஸில வந்தார். கண் டெஸ்ட் ஒண்டு இருக்கு, மூண்டு நாள் நிண்டிட்டு போறன் எண்டு சொல்லிக்கொண்டு, கையில ஒரு சின்ன பேக், அதுக்குள்ள ரெண்டு சேர்ட், ஒரு சாரம். 20ஆம் தேதி பின்னேரம் ஊரடங்கு போட்டாச்சு. கொழும்பில அது தளர மே 26 ஆச்சு. அந்த ரெண்டு சேர்ட்டோட மனுசன் எங்கட வெள்ளவத்தை ஃபிளாட்டில, ரெண்டே ரெண்டு ரூம் இருக்கிற ஃபிளாட்டில, ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தார். பிறகு 2022இல பெரியம்மாவும் அவவின்ட மகளும் பேரனும் வந்து அஞ்சு மாசம். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயலோட களனி கங்கை பெருகேக்க என்னோட வேலை செய்யிற ஒரு பிள்ளையின்ட குடும்பம் வெல்லம்பிட்டியில இருந்து வந்து பதினொரு நாள்.

ஆக மூண்டு தரம். முதல் தரம் சொதப்பினன், ரெண்டாம் தரம் அதவிட மோசமா சொதப்பினன், மூண்டாம் தரம் பரவாயில்லை. அதால இத எழுதுறன்.

வெள்ளவத்தையில எந்தத் தமிழ் வீட்டுக் கதவத் தட்டினாலும் இப்பிடி ஒரு "வந்தவை" கதை இருக்கும். 83 கலவரத்தில, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில, பேந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்துக்கொண்டு லொட்ஜுகளிலயும் சொந்தக்காரர் வீடுகளிலயும் இருந்த சனம். எங்கட ஆக்களுக்கு இது பழக்கம், ஆனா பழக்கம் எண்டதால வடிவா செய்யிறம் எண்டு இல்லை. நாங்க வடிவா செய்யிறது சாப்பாடு மட்டும்தான். முதல் மூண்டு நாள் இறால் குழம்பு, நண்டு, பாயாசம், நாலாம் நாள் களைச்சுப் போயிடுவம், நாற்பதாம் நாள் குசினியில சட்டி பானை சத்தம் கொஞ்சம் கூடக் கேக்கும். அந்தச் சத்தம் யாருக்கு எண்டு வந்தவைக்கு நல்லா விளங்கும்.

எனக்கு பிந்தித்தான் விளங்கினது என்னெண்டா, இன்னொருத்தரின்ட வீட்டில இருக்கிற ஆளுக்கு இடம் காணாததோ சாப்பாடு பிடிக்காததோ பெரிய கஷ்டம் இல்லை. ஒவ்வொண்டுக்கும் கேக்க வேண்டி இருக்கிறதுதான் கஷ்டம். ஃபேன் போடட்டோ, குளிக்கட்டோ, கொஞ்சம் தேத்தண்ணி போடட்டோ, வெளியில போட்டு வரட்டோ. ஐம்பது அறுபது வருசம் தன்ட வீட்டில ராணி மாதிரி இருந்த மனுசி ஒரு நாளைக்கு இருபது தரம் "பிள்ளை, இத எடுக்கட்டோ" எண்டு கேக்கிறா. அதால கீழ நான் சொல்லுற எல்லாத்துக்கும் ஒரே நோக்கம்தான், அவை கேக்க வேண்டிய தரங்களைக் குறைக்கிறது.

1. ஓம் சொல்ல முதல்

போன் வரும், "பிள்ளை, கொஞ்ச நாளைக்கு..." எண்டு. உடன "என்ன கேள்வி, வாங்கோ" எண்டு சொல்லத்தான் வாய் வரும். வெள்ளம், மண்சரிவு மாதிரி இரவோட இரவா வாற அவசரமெண்டா சொல்லுங்கோ, இல்லையெண்டா "கதைச்சிட்டுச் சொல்லுறன்" எண்டு போனை வச்சிட்டு ஒரு மணித்தியாலம் வீட்டுக்காரர் எல்லாரும் இருந்து கதையுங்கோ. மனுசன்/மனுசி ரெண்டு பேரும் மனசார ஓம் சொல்லாட்டி அது வந்தவையின்ட தலையிலதான் விடியும். பிள்ளையள் இருந்தா அவையளிட்டயும் சொல்லுங்கோ, முக்கியமா ஆரின்ட ரூம் போகப்போகுது எண்டத. ஓஎல் படிக்கிற பிள்ளையின்ட மேசையை எடுத்து ஹோலுக்குள்ள போட்டிட்டு பிறகு சொல்லுறது அநியாயம். நான் அதத்தான் செய்தன்.

கேக்க வேண்டிய கேள்விகள்: எத்தின பேர், என்ன வருத்தம், என்ன மருந்து, படி ஏற ஏலுமோ (எங்கட ஃபிளாட் நாலாம் மாடி, கரண்ட் இல்லாட்டி லிஃப்ட் இல்லை), எதுக்காக வருகினம், அந்தக் காரணம் எப்ப முடியும். கடைசிக் கேள்வியைக் கேக்க எங்கட ஆக்களுக்கு நாக்கு வராது. "எவ்வளவு நாள் நிப்பீங்கள்" எண்டு கேட்டா "எப்ப போவீங்கள்" எண்டு கேட்ட மாதிரி இருக்கும். அதால கேள்வியை மாத்திக் கேளுங்கோ: "இப்போதைக்கு ஒரு மாசம் எண்டு வைப்பம், மாச முடிவில இருந்து கதைப்பம், அதுக்குப் பிறகும் தேவையெண்டா திரும்ப பாப்பம்." இப்பிடிச் சொன்னா அவைக்கும் ஒரு மாசத்துக்கு நிம்மதி, ஒவ்வொரு நாளும் உங்கட முகத்தைப் பாத்து கணக்குப் போடத் தேவையில்லை.

வாடகை வீடெண்டா ஓனருக்குச் சொல்லாம செய்யாதீங்கோ. அக்ரிமெண்டை எடுத்து எத்தின பேர் இருக்கலாம் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. ஃபிளாட்டெண்டா மனேஜ்மென்ட்டுக்கும் கீழ நிக்கிற செக்குரிட்டி ஐயாவுக்கும் பேர் குடுங்கோ. பெரியம்மா வந்த ரெண்டாம் நாள் கடைக்குப் போட்டு வரேக்க "எந்த வீடு, ஆரைப் பாக்க" எண்டு செக்குரிட்டி மறிச்சு, சிங்களம் தெரியாம அவா படியில இருந்திட்டா. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

முடியாது எண்டாலும் முடியாது எண்டு அண்டைக்கே சொல்லுங்கோ. "பாப்பம்" எண்டு இழுத்தா அவை வேற இடமும் தேடாம இருப்பினம். முழுசா ஏலாட்டி பாதியா உதவலாம், பக்கத்தில ஒரு அனெக்ஸ் பாத்துக் குடுக்கலாம், ரெண்டு கிழமைக்கு மட்டும் எண்டு சொல்லலாம், பகலில வந்து சமைச்சுச் சாப்பிட்டு போகலாம் எண்டு சொல்லலாம்.

2. இடம் ஒதுக்கிறது

தனி ரூம் குடுக்க ஏலுமெண்டா குடுங்கோ, ஏலாட்டி பரவாயில்லை, ஆனா ஒரு மூலை முழுசா அவையின்டதா இருக்க வேணும். ஹோலின்ட ஒரு பக்கத்தில கம்பி கட்டி தடிச்ச கேட்டின் (திரைச்சீலை) ஒண்டு போட்டா காணும். அதுக்குள்ள: உடுப்புக் கொழுவ நாலு கொக்கி, அலுமாரியில ஒரு முழுத் தட்டு (உங்கட பழைய சீலையளை ஒதுக்கிப்போட்டு அரைத் தட்டு குடுக்காதீங்கோ), ஒரு பிளக் பொயிண்ட், ஒரு சின்ன லைட், பேப்பர் டொக்யூமெண்ட் வைக்க பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி. பூட்டு ஏன் எண்டு கேப்பீங்கள். அவையின்ட பாஸ்போர்ட், காணி உறுதி, ரெண்டு பவுண் சங்கிலி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும், உங்கட வீட்டுக்கு வேலைக்கு வாற ஆள், ஏசி திருத்த வாற ஆள் எல்லாரும் நடமாடுற ஹோல் அது.

வயசான ஆக்களைப் பாயில படுக்க விடாதீங்கோ. அவை "எனக்கு பாய்தான் பழக்கம்" எண்டுதான் சொல்லுவினம், நம்பாதீங்கோ. இரவில ரெண்டு மூண்டு தரம் பாத்ரூம் போக எழும்ப வேணும், கீழ இருந்து எழும்பேக்கதான் விழுறது. மடிக்கிற கட்டில் ஒண்டு வாடகைக்கோ கடனுக்கோ எடுங்கோ. போற வழியில ஒரு சின்ன நைட் லைட், பாத்ரூம் வாசலில வழுக்காத கால்மிதி.

பாத்ரூம் ஒண்டுதான் எண்டா காலமை 5.30இல இருந்து 8 மணி வரைக்கும் ஆர் எப்ப எண்டு ஒரு பேப்பரில எழுதி கதவில ஒட்டுங்கோ. பள்ளிக்கூடம், ஒஃபிஸ் போற ஆக்கள் முதல். இது சின்ன விசயம் எண்டு விட்டிடுவம், ஆனா எங்கட வீட்டில முதல் சண்டையே பாத்ரூம் வாசலில துவாயோட நிண்டதாலதான் வந்தது.

3. திறப்பு

முதல் நாளே வெட்டிக் குடுங்கோ. காலி வீதியில திறப்பு வெட்டுற கடைக்குப் போனா பத்து நிமிச வேலை.

சித்தப்பாவுக்கு நான் திறப்பு குடுக்கேல்லை. ஊரடங்கு தானே, எங்க போகப்போறார் எண்டு நினைச்சன். மே கடைசியில எல்லாம் திறந்த பிறகு பாத்தா மனுசன் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகாம வீட்டுக்குள்ளயே இருக்கிறார். ஏன் எண்டு கேட்டா, "திரும்பி வரேக்க நீங்கள் நித்திரையெண்டா பெல் அடிக்க வேணுமெல்லே" எண்டார். ரெண்டு மாசம் உள்ளுக்க இருந்த மனுசன், பெல் அடிக்க வெக்கப்பட்டு இன்னும் நாலு நாள் உள்ளுக்க இருந்திருக்கிறார்.

திறப்போட சேத்து குடுக்க வேண்டியது: வைஃபை பாஸ்வேர்ட் (எழுதி ஃப்ரிட்ஜில ஒட்டுங்கோ), உங்கட விலாசம் சிங்களத்திலயும் எழுதின ஒரு துண்டு, டாக்சி, ஓட்டோ பிடிக்கிற பிக்மீ அப் போனில போட்டு ஒருக்கா ஓட்டிக் காட்டுறது, எந்த பஸ் எங்க போகும் எண்டது. 100ஆம் நம்பர் பஸ் காலி வீதியால கோட்டை போகும் எண்டு தெரிஞ்சாலே பாதிக் கொழும்பு கைக்குள்ள வந்த மாதிரி. அவசர நம்பரும் எழுதி ஒட்டுங்கோ, அம்புலன்ஸ் 1990 (காசு இல்லை), பொலிஸ் 119, வெள்ளம் புயல் எண்டா 117.

4. காசுக் கதை

இதத்தான் எல்லாரும் தள்ளிப்போடுறது. நானும் தள்ளிப்போட்டன், அதின்ட பலனைச் சொல்லுறன்.

2022 நடுப்பகுதி. பெரியம்மா ஆக்கள் வந்து ரெண்டாம் மாசம் கரண்ட் பில் வந்தது. நான் மேசையில வச்சு பாத்து "ஐயோ கடவுளே" எண்டு ஒரு பெருமூச்சு விட்டன், அவ்வளவுதான், ஆரையும் பாத்துச் சொல்லேல்லை. அண்டையில இருந்து பெரியம்மா பின்னேரத் தேத்தண்ணி குடிக்கிறத விட்டிட்டா. "வயித்துக்கு ஒத்துவருதில்லை" எண்டா. பால்மா தட்டுப்பாடான காலம், கடையில ஆளுக்கு ஒரு பைக்கற்தான் குடுத்தவங்கள். நானும் நம்பிக்கொண்டு இருந்தன். ஒரு மாசம் கழிச்சு அவவின்ட மகள்தான் சொன்னா, அம்மா பில்லைப் பாத்த நாளில இருந்துதான் குடிக்கிறேல்லை, இரவில ஃபேனும் போடுறேல்லை எண்டு. கொழும்பு வெக்கையில, எழுபத்தொரு வயசில.

அந்தப் பெருமூச்சுக்குப் பதிலா முதல் கிழமையில அரை மணித்தியாலம் இருந்து கதைச்சிருந்தா இது நடந்திராது. எப்பிடிக் கதைக்கிறது எண்டா இப்பிடி:

முதல்ல கணக்கு என்னெண்டு நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ. எங்கட கரண்ட் பில் படிப்படியா ஏறுற பில். மாசம் 60 யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு விலைப்பட்டியல், 60 தாண்டினா முதல் யூனிட்டில இருந்தே வேற விலைப்பட்டியல், அதுக்குள்ளயும் 90, 120, 180 எண்டு படி, ஒவ்வொரு படிக்கும் மாசக் கட்டணமும் கூடும். அதால மூண்டு பேர் கூட வந்தா பில் அந்த அளவுக்குக் கூடாது, அதவிடப் பாய்ஞ்சு கூடும். ஒரு சீலிங் ஃபேன் 70 வாட் அளவு, இரவு பத்து மணித்தியாலம் ஓடினா மாசத்துக்கு 21 யூனிட். பாத்ரூம் ஹீட்டர் 3000 வாட் எண்டு வைப்பம், ஒராள் பத்து நிமிசம் குளிச்சா அரை யூனிட், நாலு பேர் ஒவ்வொரு நாளும் எண்டா மாசத்துக்கு 60 யூனிட். விளங்குதோ? ஃபேனில மிச்சம் பிடிக்காதீங்கோ, ஹீட்டரை நிப்பாட்டுங்கோ, கொழும்பு வெக்கைக்கு ஆருக்கு சுடுதண்ணி. வயசான ஆக்களுக்கு வேணுமெண்டா ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வச்சு வாளியில கலந்து குடுக்கலாம். தண்ணி பில்லும் இதே மாதிரி படி பில்தான்.

அவை வாற அண்டைக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ. ஆருக்கும் காட்ட இல்லை, உங்களுக்கு. "இவை வந்ததில இருந்து டபுளாப் போச்சு" எண்டு மனம் சொல்லும், போட்டோவைப் பாத்தா அவ்வளவு இராது.

அடுத்தது பங்கு. காசா வாங்காதீங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், மாசம் இவ்வளவு தாங்கோ எண்டா வாடகைக்காரர் மாதிரி ஆயிடும், வேண்டாம் எண்டு முழுசா மறுத்தாலும் அவை குறுகிப் போயிடுவினம். ஒரு பொருளை முழுசா அவையின்ட கையில விடுங்கோ. "மரக்கறி உங்கட பாடு" எண்டு சொன்னா காணும். பெரியம்மாவின்ட மகளுக்கு இத மூண்டாம் மாசம் சொன்னன். அவா சனிக்கிழமை விடிய பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை மார்க்கட்டுக்குப் போய் பேரம் பேசி முருங்கைக்காய், கத்தரிக்காய், கீரை எண்டு கொண்டுவந்து குசினியில கொட்டேக்க முகத்தில ஒரு வெளிச்சம், வந்ததுக்கு அண்டைக்குத்தான் முதல் தரம் கண்டன். கையில ஒண்டும் இல்லாம வந்தவை எண்டா, வேலையில ஒரு பங்கு குடுங்கோ, பிள்ளைக்கு கணக்குச் சொல்லிக் குடுக்கிறது, பூக்கண்டுக்குத் தண்ணி விடுறது. ஆனா உங்கட வேலைக்கார ஆளை நிப்பாட்டிப்போட்டு அந்த வேலையை அவையிட்ட விடாதீங்கோ, அப்பிடிச் செய்த வீடுகள் எனக்குத் தெரியும்.

கடன் கேட்டா? குடுக்க ஏலுமான, திரும்பி வராட்டியும் மனம் நோகாத தொகையை மட்டும் குடுங்கோ. இதுக்கு மேல இதில சொல்ல ஒண்டும் இல்லை.

5. குசினி

ஒரு குசினியில ரெண்டு சமையல்காரி இருக்கேலாது எண்டு அம்மம்மா சொல்லுவா. இருக்கலாம், நேரத்தைப் பிரிச்சா. காலமைச் சாப்பாடு ஒராள், மத்தியானம் ஒராள். அண்டைக்கு ஆர் சமைக்கிறாவோ அவவின்ட குசினி அது, மற்ற ஆள் உள்ளுக்க வந்து உப்புப் பாக்கக் கூடாது. எங்கட வீட்டில வெள்ளி சைவம், பெரியம்மாவுக்கு செவ்வாயும் சைவம். நாங்க செவ்வாயில மீன் வாங்கிறத விட்டிட்டம், தனிச் சட்டி தனிக் கரண்டி எண்டு நிக்கிறதவிட அது சுகம்.

தேத்தண்ணி, சீனி, பிஸ்கட், பழம் இதுகளை மூடி வச்ச அலுமாரிக்குள்ள வைக்காதீங்கோ. வெளிய மேசையில வையுங்கோ. திறந்து எடுக்க கேக்க வேணும், வெளிய இருந்தா கேக்கத் தேவையில்லை. தேத்தண்ணிக் கதைக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை இதுதான்.

காஸ்: 12.5 கிலோ சிலிண்டர் நாலு பேருக்கு ஓடினத விட ஏழு பேருக்கு கெதியா முடியும், அது தெரிஞ்ச கணக்கு. தெரியாதது என்னெண்டா, முடியுற நாள் எப்பவும் ஞாயிறு இரவாத்தான் இருக்கும். மேலதிகமா 5 கிலோ சின்னச் சிலிண்டர் ஒண்டு வாங்கி வையுங்கோ. புது ஆக்களுக்கு உங்கட அடுப்பை ஒருக்கா போட்டு அணைச்சுக் காட்டுங்கோ, ஊரில விறகடுப்பில சமைச்சவை காஸை முழுசா திருகி மூடாம விட்டிடுவினம். சிலிண்டர் மாத்தினா சவர்க்காரத் தண்ணி பூசிப் பாருங்கோ, குமிழி வந்தா லீக். 2021 கடைசியில நாட்டில எத்தின வீட்டில அடுப்பு வெடிச்சது எண்டு மறந்திருக்க மாட்டீங்கள்.

கரண்ட் கட் திரும்ப வந்தா எப்பிடி எண்டும் யோசிச்சு வையுங்கோ. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, ஏ, பி, சி எண்டு இடங்களைப் பிரிச்சு கரண்ட் நிப்பாட்டின குரூப் எழுத்தைப் பாத்துத்தான் ரைஸ் குக்கர் போட்டது. பவர் பேங்க் ரெண்டு, சார்ஜ் லைட் ரெண்டு, அவிக்காம சாப்பிடக்கூடிய அவல், சத்துமா, ரின் மீன். காணும்.

6. தண்ணியும் நுளம்பும்

கரண்ட் இல்லாட்டி மோட்டர் இல்லை, மோட்டர் இல்லாட்டி மேல் மாடிக்குத் தண்ணி இல்லை. அதால வாளி, பரல் எண்டு பிடிச்சு வைப்பம். பிடிச்சு வைக்கிறதெல்லாம் மூடி போட்டு வையுங்கோ, கிழமைக்கு ஒருக்கா வெறுமையாக்கி பிரஷ் போட்டு உரசிக் கழுவுங்கோ, ஏனெண்டா டெங்கு நுளம்பின்ட முட்டை பாத்திரத்தின்ட சுவரில ஒட்டி இருக்கும், தண்ணியை மட்டும் ஊத்தினா போகாது. ஆக்கள் கூடின வீட்டில ஒராளுக்கு வந்தா நுளம்பால மற்றவைக்கும் வரலாம். ஆருக்கும் காய்ச்சல் எண்டா பரசிட்டமோல் மட்டும் குடுங்கோ, அஸ்பிரின், புரூஃபன் குடுக்கவே கூடாது, ரெண்டு நாள் தாண்டினா டொக்டரிட்ட காட்டி எஃப்பிசி எண்ட ரத்த டெஸ்ட் எடுங்கோ. விருந்தாளி "எனக்கு ஒண்டும் இல்லை" எண்டு காய்ச்சலை மறைப்பினம், சிலவு வைக்கக் கூடாது எண்டு. நெத்தியைத் தொட்டுப் பாருங்கோ.

7. பேப்பர் வேலை

எங்கட தலைமுறைக்கு இது மறந்து போகுது. யுத்த காலத்தில கொழும்பில ஒரு தமிழ் வீட்டில ஆள் வந்து நிண்டா பொலிஸில பதியிறதுதான் முதல் வேலை, பதிவுத் துண்டு இல்லாம இரவு செக்கிங்கில மாட்டினா விடிய விடிய ஸ்டேசன். 2007 ஜூன் 7 விடியப்புறம் லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்களை பஸ்ஸில ஏத்தி கொழும்புக்கு வெளிய அனுப்பினவங்கள், முன்னூறுக்கு மேல சனம், கனபேரை வவுனியாவுக்கு. அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அத நிப்பாட்டச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. அதால வயசான விருந்தாளி வந்த உடன "பொலிஸில பதிஞ்சாச்சோ" எண்டு கேட்டா சிரிக்காதீங்கோ. அவைக்கு அது பயம், உங்களுக்குக் கதை.

இப்ப செய்ய வேண்டியது வேற. அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பாங்க் புத்தகம் எல்லாத்தையும் வடிவா போட்டோ எடுத்து அவையின்ட போனிலயும், அவை நம்புற இன்னொராளின்ட போனிலயும் வையுங்கோ. தொடர்ந்து மருந்து எடுக்கிற ஆக்கள் எண்டா ஊரில இருந்து வெளிக்கிட முதலே கிளினிக் கொப்பியையும் டொக்டரிட்ட ஒரு கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கோ, இது ரெண்டும் இருந்தா களுபோவில ஆஸ்பத்திரியிலயோ கொழும்பு பெரியாஸ்பத்திரியிலயோ ஆரம்பத்தில இருந்து எல்லா டெஸ்ட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. மருந்தின்ட பேரை, பெட்டியின்ட கலரை இல்லை, பேரை எழுதி வையுங்கோ. "வெள்ளைக் குளிசை, காலமை ஒண்டு" எண்டு சொன்னா எந்த ஃபார்மசிக்காரனும் சிரிப்பான்.

வெள்ளம், மண்சரிவில வீடு போய் வந்தவை எண்டா இது முக்கியம், வடிவா கேளுங்கோ. நட்டஈடு, நிவாரணம் எல்லாம் அவையின்ட சொந்த இடத்து கிராம சேவகர் (ஜிஎஸ்), பிரதேச செயலகம் வழியாத்தான் வரும். முகாமில இருக்கிற ஆக்களின்ட பேர் லிஸ்ட்டில சுகமா ஏறும், சொந்தக்காரர் வீட்டில வந்து இருக்கிற ஆக்களின்ட பேர் விடுபட்டுப் போகலாம். நீங்க அன்பா கூட்டிக்கொண்டு வந்ததே அவைக்கு நட்டமாகலாம். வந்த ரெண்டு நாளைக்குள்ள ஜிஎஸ்ஸுக்கு போன் அடிச்சு "நாங்க இங்க இருக்கிறம், பேரைப் பதியுங்கோ" எண்டு சொல்லச் சொல்லுங்கோ, தண்ணி வத்தின உடன ஒராள் போய் சேறு கழுவ முதல் போட்டோ எடுக்க வேணும், சுவரில தண்ணி நிண்ட கோடு, பழுதாப்போன ஃப்ரிட்ஜ், மெத்தை, பிள்ளையளின்ட புத்தகம் எல்லாம். வெல்லம்பிட்டிக் குடும்பம் மூண்டாம் நாள் போய் எடுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கழுவின பிறகுதான் யோசிச்சினமாம்.

8. வந்தவையின்ட மனம்

என்ன நடந்தது எண்டு கிண்டிக் கேக்காதீங்கோ. வாற ஒவ்வொரு பக்கத்து வீட்டு அன்ரிக்கும் அந்தக் கதையை திருப்பித் திருப்பிச் சொல்ல வைக்காதீங்கோ. சொல்ல வந்தா இருந்து கேளுங்கோ. ரீவியில இருபத்திநாலு மணித்தியாலமும் நியூஸ் ஓட விடாதீங்கோ, அதுவும் அவையின்ட ஊர் தண்ணிக்குள்ள நிக்கிற அதே கிளிப்பை.

பெரியம்மாவின்ட பேரன், எட்டு வயசு, முதல் மூண்டு கிழமை பாய் நனைச்சவன். ஆரும் ஒண்டும் சொல்லேல்லை, ரப்பர் சீட் ஒண்டு வாங்கிப் போட்டம், காலமை ஆரும் எழும்ப முதல் துவைச்சுப் போட்டம், தானா நிண்டிட்டுது. ஆனா ஒரு ஆள் ரெண்டு மூண்டு கிழமையா சாப்பிடாம, நித்திரை கொள்ளாம, செத்திருக்கலாம் எண்ட மாதிரிக் கதைச்சா அத "காலம் மாத்தும்" எண்டு விடாதீங்கோ. 1926க்கு அடிச்சா தேசிய மனநல நிறுவனத்தின்ட ஆக்களோட கதைக்கலாம், எந்த நேரமும்.

உங்கட மனமும் இருக்கு. கிழமைக்கு ஒரு பின்னேரம் நீங்களும் மனுசனும் மட்டும் வெளியில போங்கோ, கடற்கரையில வடை சாப்பிட்டிட்டு வந்தாலும் சரி. குற்றமா நினைக்காதீங்கோ, நீங்க வெளிய போற அந்த ரெண்டு மணித்தியாலம் வந்தவைக்கும் லீவுதான். வீட்டை தங்கட வீடு மாதிரி சத்தமாக் கதைச்சு, கால் நீட்டி இருந்து ரீவி பாப்பினம்.

மனஸ்தாபம் வந்தா அண்டைக்கே நேர சொல்லுங்கோ. மனுசனுக்குச் சொல்லி, மனுசன் அம்மாவுக்குச் சொல்லி, அம்மா கனடாவில இருக்கிற மாமிக்குச் சொல்லி, மாமி வட்ஸ்அப்பில பெரியம்மாவுக்குச் சொன்னா, அதுக்குள்ள நீங்க சொன்னது "லைட்டை நிப்பாட்டுங்கோ" எண்டது "வீட்டை விட்டுப் போங்கோ" எண்டு மாறியிருக்கும்.

9. போற நேரம்

மாச முடிவில கதைப்பம் எண்டு சொன்னதை மறக்காம கதையுங்கோ, நீங்களே தொடங்குங்கோ. காரணம் இன்னும் முடியேல்லையோ, அடுத்த படி என்ன, வாடகை வீடு பாக்கிறதோ, திரும்பப் போறதோ, அதுக்கு நீங்க என்ன செய்யலாம். வீடு பாத்துக் குடுக்கிறது விரட்டுறது இல்லை. ஆனா அட்வான்ஸ் காசுக் கணக்கு, கொழும்பில ஆறு மாசம், ஒரு வருசம் எண்டு முன்பணம் கேக்கிற ஓனர்மார் இருக்கினம், அதச் சேர்க்க எத்தின மாசம் எண்டும் சேத்துக் கணக்குப் போடுங்கோ. இல்லாட்டி ஆறாம் மாசம்தான் அந்தக் கதையே வரும். ஏலாத கட்டம் வந்தா "எங்களுக்கு தை மாசம் வரைக்கும்தான் சமாளிக்க ஏலும்" எண்டு மாசத்தைச் சொல்லிச் சொல்லுங்கோ. கரண்டி சத்தத்தில சொல்லாதீங்கோ.

போற நாள் சனிக்கிழமை வேண்டாம் எண்டு அவையே சொல்லுவினம். பஸ்ஸுக்கு சாப்பாடு கட்டிக் குடுங்கோ, புளிச்சாதம் நல்லது, பழுதாகாது. அங்க போய் முதல் கிழமைக்கு அரிசி, பருப்பு, தேயிலை, சவர்க்காரம் ஒரு பையில. வெள்ளம் வந்த வீடெண்டா ரப்பர் கையுறை, குளோரின், கிணறு இருந்தா இறைச்சுக் கழுவி குளோரின் போடாம குடிக்க வேண்டாம் எண்டு பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேக்கச் சொல்லுங்கோ. திறப்பைத் திருப்பித் தருவினம், வாங்காதீங்கோ.

இன்னொண்டு. கடைசி மாசக் கரண்ட் பில் அவை போன பிறகுதான் வரும், அதுதான் எல்லாத்திலயும் பெரிய பில்லா இருக்கும். அத போட்டோ எடுத்து குடும்ப வட்ஸ்அப் குரூப்பில போட்டிடாதீங்கோ.